சட்டத்தரணியே சிறையிலிருந்தால்?

(நிலாவெளிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முஸ்லிம் மக்களின் உரிமைகளுக்காக வாதாடி வந்த சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரல் 14ஆந் திகதி கைது செய்யப்பட்டார். குற்றப்பத்திரிகை ஏதுமின்றிப் பத்து மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். தம் சட்டத்தரணியைக் காண்பதற்கும் அவருக்குக் கட்டுப்பாடு! மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கியது 2022 பெப்ரவரியிலேதான்.

இதற்கு இடங்கொடுத்தது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் கையொப்பம் ஒன்றே போதும். மும்மூன்று மாதங்களாகப் 18 மாதங்கள் வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். 2022இல் அதனைப் 12 ஆகக் குறைத்தார்கள். மூக்கணாங்கயிற்றைச் சற்று நெகிழ்த்தினால் மாட்டை அவிழ்த்துவிட்டதாகுமா?

அவர் முஸ்லிம், நமக்கென்ன என்போர் நம்மிடையே உண்டு. இச்சட்டத்தால் முதலில் வாடியவர்கள் தமிழ் இளைஞர்களே என்பதை மறந்தனரோ? அவ்விளைஞர்களுக்காக வாதாடிய குமார் பொன்னம்பலம் 2000 சனவரி 5ஆந் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நாளை காணி உறுதியோடு நீங்கள் திருகோணமலை நீதிமன்றத்துக்கு வரக்கூடும். உங்களுக்காக எழுந்து பேச வேண்டியவர் அஞ்சிப் பின்வாங்கினால் அவ்வுறுதியால் என்ன பயன்? ஆகவே இச்சட்டம் முற்றாக நீக்கப்பட வேண்டுமென்னும் கோரிக்கையில் முஸ்லிம் மக்களோடு நாமும் கையொப்பமிடுகின்றோம். படிவங்கள் மேடையருகே இருக்கின்றன.