வீடு யார் பெயரில்?

(சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பேசினால் கைதட்டுகிறோம். வீட்டுக்குள் நடக்கும் கணக்கைப் பேசினால் பாதிப்பேர் டீக்கடைக்கு எழுந்து போகிறோம். இன்று யாரும் எழக் கூடாது!

நாம் குடியிருக்கும் லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். ஆகவே தேவிகுளம், பீர்மேட்டுத் தொழிலாளி போடியிலோ கம்பத்திலோ இரண்டு சென்ட் வாங்குகிறான். நெல்லியாம்பதிக்காரன் பொள்ளாச்சிப் பக்கம் வாங்குகிறான். பணம் எது? அவன் சம்பளம், அவள் சம்பளம், அடகுக்குப் போன அவள் நகை. பத்திரத்திலோ அவன் பெயர் மட்டும்! விவாகரத்து என்று வந்தால் அவள் வெறுங்கையோடு தாய்வீடு போகிறாள். இதைத் தலைவிதி என்கிறோம். விதியன்று தோழர்களே, சட்டத்தில் உள்ள ஓட்டை!

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி வந்து இருவருக்கும் கூட்டாகச் சொந்தமான பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. பிறகு இருபது வருடம் உழைத்து வாங்கிய வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. கோவாவில், போர்த்துக்கீசியர் விட்டுப்போன 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது. அந்நியன் சட்டத்தில் இருக்கும் நியாயம் நம் சட்டத்தில் இல்லை! கணவன் சொத்தில் பங்கு தரும் திருத்த மசோதாவை 2013-இல் மாநிலங்களவை நிறைவேற்றியது. 2014-இல் மக்களவை கலைந்ததோடு அதுவும் செத்தது.

ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். விவாகரத்து வழக்கன்று, சொத்துத் தகராறு. கணவர் சவூதியில் பத்தாண்டுக்கு மேல் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார். எல்லாம் என் பணம் என்றார் கணவர். வீட்டை அவள் தாங்கியதால்தான் அவர் அங்கே சம்பாதிக்க முடிந்தது, சேர்த்ததில் அவளுக்கும் சரிபாதி உண்டு என்றது தீர்ப்பு. வீட்டோடு இருந்த பெண்ணுக்கே சரிபாதி என்றால், பகலில் கொழுந்தும் இரவில் அடுப்புமாக நிற்கும் நம் பெண்ணுக்கு?

அவசரப்பட வேண்டாம். அந்தத் தீர்ப்பு கேரளக் கோர்ட்டுகளைக் கட்டாது. எடுத்துக்காட்டி வாதாடலாம், அவ்வளவுதான். நிலம் போடியில் இருந்தால் வழக்கை எங்கே போடுவது என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீல் இலவசம். தாலுக்கா சட்டப்பணிக் குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

நகை விஷயம் வேறு. சீதனம் பெண்ணுக்கே சொந்தம், கணவன் கையில் இருந்தாலும் அது அவனிடம் ஒப்படைத்த பொருள்தான், திருப்பித் தர மறுத்தால் குற்றம் என்று 1985-இலேயே உச்சநீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது.

ஆண் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது! உங்கள் மகளும் நாளை ஒரு லயத்துக்குத்தானே போகிறாள்? அடுத்த இரண்டு சென்டைப் பதியும்போது பத்திரம் எழுதுகிறவரிடம் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். தாய்மார்களே, அடகு ரசீது, பி.எப். முன்பணம் எடுத்த தாள், சீட்டுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். கோர்ட் கேட்பது கண்ணீரையன்று, அந்தத் தாள்களை.