இறுகும் இடம் எங்கே?

இன்று மோட்டார் சைக்கிள் செயினைப் பற்றிப் பேசப்போகிறேன். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை, அதில் அனேகமாக பெல்ட்தான். ஆனால் வீட்டில் ஒரு பைக்காவது இருக்குமே, அதற்காகக் கேளுங்கள்.

என் பட்டறைக்கு வருகிறவர்கள், "அண்ணே, செயின் சத்தம் போடுது, டைட் வச்சுடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் ஸ்பானரை எடுக்க மாட்டேன். முதலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுவேன். செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் எவ்வளவு ஆட்டம் என்று தெரியும். நம் ஊரில் ஓடும் 100 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சக்கரத்தை இன்னும் கொஞ்சம் சுற்றி மறுபடி தொட்டுப் பாருங்கள். மறுபடியும் சுற்றுங்கள். ஓரிடத்தில் தொளதொளவென்றும் இன்னோரிடத்தில் விறைப்பாகவும் இருந்தால், செயின் ஒரே சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். எண்ணெய் காணாத சில கண்ணிகள் துருப்பிடித்து மடங்க மறுத்தாலும் இப்படி இறுகும்.

ஒரு பால்காரர் வண்டி வந்தது. இரண்டு பக்கமும் கேன் கட்டி, மண் ரோட்டில் ஓடுகிற வண்டி. வேறெங்கோ டைட் வைத்திருக்கிறார்கள், தொய்ந்த இடத்தைப் பார்த்து வைத்துவிட்டார்கள். சக்கரத்தைச் சுற்றினேன், இறுகும் இடம் வந்ததும் கைக்கு அப்படியே நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இழுப்பு கியர்பாக்ஸ் ஷாஃப்டையும் பேரிங்கையும் பிடித்து இழுத்திருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. செயினோடு போக வேண்டிய செலவு இன்ஜின் வரைக்கும் போய்விட்டது. ஆகவே டைட் வைத்தால் இறுகும் இடத்தில்தான் அளவு பார்க்க வேண்டும். அங்கே சரியாக வைத்தால் மற்ற இடம் மிகவும் தொங்குகிறதா? அந்தச் செயினின் காலம் முடிந்தது.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, தகடு நீள்வதில்லை. உள்ளே இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகிறது. 428 வகைச் செயின் புதிதாக இருக்கும்போது 20 கண்ணி நீளம் 254 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்து அளந்து 259 வந்தால் மாற்றிவிடலாம். டேப் இல்லையா? பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி விளிம்பில் செயினைப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் போதும், முடிவு சொல்லிவிடலாம். இடைவெளி கூடிய செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறும். இழுவை முழுவதும் ஒன்றிரண்டு பல்லிலேயே விழும். பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து அரிவாள் மூக்குபோல வளையும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். அதனால் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள்.

பல்லின் பக்கவாட்டில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் கோணல். இருபக்க அட்ஜஸ்டர் கோடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரம் நெருங்குகிறது. செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும். மழையில் ஓட்டி வந்தால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன்: இன்ஜினை ஓடவிட்டு, கையில் துணியோடு செயினைத் துடைக்காதீர்கள். துணி மாட்டினால் விரலும் உள்ளே போகும். சாவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டு உட்காருங்கள்.