கூடையைப் பல்லுல கடிச்சா ரெண்டு கையும் ஃப்ரீ

இந்த எபிசோட்ல டிசைன் பத்திப் பேசப் போறோம். குறிப்பா, சஸ்டெயினபிள் டிசைன். இன்ஸ்டாவைத் திறந்தா இந்த வார்த்தை இல்லாத பிராண்டே இல்ல. மூங்கில் பிரஷ், மக்கிப் போற கவர், கடல் பிளாஸ்டிக்ல ஷூ. 2015ல அடிடாஸ், பார்லே அமைப்போட சேர்ந்து, கடல்ல பறிமுதல் செஞ்ச மீன்வலைகளோட நூலை வெச்சே ஒரு மாதிரி ஷூ காட்டினாங்க. எல்லாருமே கேட்கிறது ஒரே கேள்வி: "இது எதால செஞ்சது?" நல்ல கேள்விதான். ஆனா அது மட்டும் போதுமா?

பதில் தேடி ரொம்ப தூரம் போக வேணாம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்ல பழவேற்காடு. ஒடிசாவோட சிலிக்காவுக்கு அடுத்து, நம்ம நாட்டோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அங்க இருந்து தெற்கே எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் ஒரே உப்பங்கழிப் பகுதி. இந்தப் பகுதியில பனை ஓலையால செய்ற ரெண்டு பொருளைப் பார்ப்போம்.

முதல் பொருள், இறால் பிடிக்கிற கூடை. இங்க இருக்கிற இருளர் பழங்குடி மக்கள்ல பலர், பெண்களும் சேர்த்துத்தான், வலையும் படகும் இல்லாமலே இறால் பிடிக்கிறாங்க. தண்ணியில இறங்கி, சேத்தைக் கையால துழாவித் துழாவிப் பிடிக்கணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும். அப்போ பிடிச்ச இறாலை எங்க போடுறது? ஓலைக் கூடையோட விளிம்பைப் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்குவாங்க. பிடிக்கிறது எல்லாம் நேரா கூடைக்குள்ள.

இதை ஒரு டிசைனா யோசிச்சுப் பாருங்க. எடை ரொம்பக் கம்மி, அதனால வாய் தாங்கும். தண்ணி வடிஞ்சிடும், இறால் தங்கிடும். உப்புத் தண்ணியில துருப்பிடிக்காது. பழசானா மண்ணோட மண்ணா மக்கிடும். நம்ம ஆளுங்க யூசர் ரிசர்ச்னு ஆறு மாசம் பண்றதை, இங்க உடம்பே பண்ணியிருக்கு.

ஆனா நான் சாஃப்ட்வேர்காரன். என் கண்ணு முதல்ல டிபென்டன்சியத்தான் தேடும். இந்தக் கூடை வேலை செய்ய என்னென்ன வேணும்? பனைமரம் வேணும். பின்னத் தெரிஞ்ச கை வேணும். எல்லாத்துக்கும் மேல, இறங்குற மாதிரி தண்ணி வேணும். கொசஸ்தலை ஆத்துலயும் எண்ணூர்க் கழிமுகத்துலயும் அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷமா படிஞ்சு கிடக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் வந்து கழிமுகம் முழுக்கப் பரவிச்சு. கருப்புப் படலம் மிதக்கிற தண்ணிக்குள்ள கூடையைக் கடிச்சுக்கிட்டு எப்படி இறங்குறது? வாய் அந்தத் தண்ணிக்குப் பக்கத்துலயே இருக்கும். கூடையில ஒரு பக் கூட இல்ல. அது ஓடுற இடம்தான் கெட்டுப் போச்சு.

ரெண்டாவது பொருள் உங்க வீட்டுலயே இருக்கலாம். கலர் கலரான ஓலைப் பெட்டி. பழவேற்காட்டுல இதைப் பின்றவங்க பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். குருத்தோலையைக் காயவெச்சு, ஈர்க்கை எடுத்து, ஒரே அகலமா கிழிச்சு, கொதிக்கிற சாயத் தண்ணியில முக்கி எடுத்து, அப்புறம்தான் பின்னல். மரத்துல குருத்தை அளவா எடுத்தாத்தான் மரமும் தாங்கும். 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் தடை வந்ததுக்கு அப்புறம், கல்யாணத் தாம்பூலம், கார்ப்பரேட் கிஃப்ட்னு ஓலைப் பெட்டிக்கு நல்ல காரணம் கிடைச்சுது.

இப்ப டிசைன் உலகத்தோட இன்னொரு டிரெண்ட், "எக்ஸ்பிரசிவ்". செஞ்ச கை தெரியணும், ஒவ்வொண்ணும் தனியா இருக்கணும்னு சொல்றாங்க. அழகான பேச்சு. ஆனா ஆர்டர் போடும்போது நாம என்ன கேட்போம்? ஐந்நூறு பீஸ், ஒரே ஷேட், ஒரே சைஸ், பத்து நாள்ல. கூலி பீஸுக்கு இவ்வளவுன்னா, புதுசா ஒரு பின்னலை யோசிச்ச நேரத்துக்குக் காசு யார் தருவாங்க? கை தெரியணும்னு கேட்டுட்டு, அந்தக் கைக்கு மட்டும் கணக்கு வைக்கலன்னா எப்படி?

இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. டச்சுக்காரங்க 1613ல இங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. அவங்க இங்க வந்ததே துணி வியாபாரத்துக்குத்தான். இந்த ஊர்க் கட்டம்போட்ட கைக்குட்டை அவ்வளவு ஃபேமஸ், ஊர் பேரே துணிக்குப் பேராச்சு. ஆங்கிலத்துல 'புல்லிகேட்'. 18ஆம் நூற்றாண்டு முடியறப்போ ஸ்காட்லாந்துத் தறிகள்லயே புல்லிகேட் நெய்ய ஆரம்பிச்சுட்டாங்க. டிசைன் போச்சு, பேரும் கூடவே போச்சு. இன்னிக்குப் பழவேற்காடுன்னா யாருக்கும் தறி ஞாபகம் வர்றதில்ல.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். சஸ்டெயினபிள்ங்கிறது பொருளுக்குள்ள இருக்கிற குணம் மட்டும் இல்ல. அந்த மரம், அந்தத் தண்ணி, அந்தக் கை, மூணும் நாளைக்கும் இருக்குமாங்கிற கேள்வி அது. அடுத்த தடவை ஓலைப் பெட்டி வாங்கும்போது "எதால செஞ்சது"ன்னு கேட்டுட்டு நிறுத்திடாதீங்க. "யார் செஞ்சாங்க, அவங்களுக்கு ஒரு பீஸுக்கு எவ்வளவு போகுது?"ன்னும் கேளுங்க. பதில் சொல்லத் தயங்குற கடைன்னா, அதுவும் ஒரு பதில்தான். உங்கள்ல யாராவது ஆன்லைன் ஸ்டோர் கட்டுற டெவலப்பரா இருந்தா, புராடக்ட் பேஜ்ல அந்த ஒரு வரிக்கு இடம் விடுங்க. கோட்ல அது ஒரு ஃபீல்டுதான்.