நட்பும் நன்றியும் நமது பருவங்களும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நட்பையும் நன்றியையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இவற்றை அறிவதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. காரைதீவிலிருந்து நிந்தவூர் வழியாகக் களியோடைப் பாலத்தைக் கடந்து ஒலுவிலுக்கு வருவோமாயின், ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் கடலும் நம்மோடு கூடவே வருகின்றன. நாம் எவ்வாறு ஒருவரையொருவர் சார்ந்து வாழ்கிறோம் என்பதை அவ்விரண்டுமே போதிக்கின்றன.

ஐப்பசி மழை விழுந்ததும் வட்டைகளில் விதைப்புத் தொடங்குகின்றது. கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று வீசக் கடல் கொந்தளிக்கின்றது. கரைவலைத் தோணிகள் மணலில் ஏறிக் கிடக்கின்றன. மாசி பங்குனியில் வேளாண்மை வெட்டி முடிய, அமைதியடைந்த கடல் தோணிகளை மீண்டும் அழைக்கின்றது. ஒன்று கதவடைக்கும் வேளையில் மற்றொன்று கதவு திறக்கின்றது. சிறுபோகத்துக்கோ மழையை நம்பியிருக்க முடியாது. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் உருவான சேனநாயக்க சமுத்திரத்தின் நீரே அதற்கு உயிர்.

அந்த நீர் வயலுக்கு எப்படி வருகின்றது? வாய்க்காலில் வரும் தண்ணீரை மேல் வயற்காரர் தமக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, தமது வக்கடையைக் கட்டினால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர் பாயும். மேல் வயற்காரர் முஸ்லிமாகவும் கீழ் வயற்காரர் இந்துவாகவும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். தண்ணீர் அதைக் கேட்பதில்லை. தனக்குப் போதும் என்று ஒருவர் அறிந்து நிறுத்திக்கொள்ளும் அந்த இடத்திலேதான் நட்புப் பிறக்கின்றது என்பது என் எண்ணம்.

இனி, நன்றி என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். மிஷனரிமார் தொடங்கிய பாடசாலை ஒன்றிலே நான் பயின்றேன். எதைப் பெற்றாலும் உடனே நன்றி சொல்ல வேண்டும் என்று அங்கே பழக்கினார்கள். அது நல்ல பழக்கமே. ஆனால் வீட்டிலே என் அம்மம்மா யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அயல் வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை அவர் ஒருநாளும் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதுமில்லை. பழந்தமிழில் நன்றி என்பது வாயால் சொல்லும் உபசாரமன்று. செய்யப்பட்ட நன்மையே நன்றி. அந்த நன்மையை மறவாதிருப்பதே செய்ந்நன்றியறிதல். சொல்லால் தீர்த்துவிட்டால் கடன் முடிந்தது போலாகும். பாத்திரம் போய்வந்துகொண்டிருந்தால் உறவு முடிவதில்லை.

தைப்பொங்கலும் இதையே உணர்த்துகின்றது. தை முதல் நாளில் நமது வட்டைகள் பலவற்றில் கதிர் இன்னும் முற்றியிருப்பதில்லை. வெள்ளமும் பூச்சியும் என்ன செய்யுமோ என்ற அச்சம் நீங்கவில்லை. அப்படியிருந்தும் சூரியனுக்குப் பொங்கிப் படைக்கின்றோம். பலன் கைக்கு வந்தபின் கூறுவது மட்டும் நன்றியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவற்றையெல்லாம் கூறும்போது, நமது கரையோரம் கண்ட துயரங்களை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1985இலும் 1990இலும் தமிழரும் முஸ்லிம்களும் இங்கே உயிர்களை இழந்தார்கள். வீட்டையும் வயலையும் விட்டு ஓடினார்கள். தாய்வழிக் குடிமுறையையும், மணமகன் பெண் வீட்டிலே குடிபுகும் வழக்கத்தையும் பொதுவாகக் கொண்ட இரு சமூகத்தார். "காக்கா" என்றும் "மச்சான்" என்றும் அழைத்துப் பழகியவர்கள்! 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் இனம் பார்க்கவில்லை.

பட்ட தீங்கை மறந்துவிடு என்று இழந்தவரிடம் கூற இளைஞனாகிய எனக்கு உரிமையில்லை. ஆயினும் வள்ளுவர் அதிகாரங்களை அமைத்த முறையை நினைத்துப் பார்க்கிறேன். 11ஆவது அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அதற்கு அடுத்தது நடுவுநிலைமை. நன்மை செய்தார் என்பதற்காக ஒருவர் பக்கம் நீதியை வளைக்கக் கூடாது. தீமை நேர்ந்தது என்பதற்காக அவர் செய்த நன்மையை இல்லையென்றும் சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே கணக்கில் நேராக எழுதத் தெரிந்தவனே நண்பனாக இருக்கத் தகுந்தவன்.

நமது மண்ணின் மைந்தர் சுவாமி விபுலாநந்தரைப் பாருங்கள். 1892இல் காரைதீவில் பிறந்த அவர் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். பின்னர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். முற்றும் துறந்த அவரும் மறைந்த நண்பர் ஒருவரை நினைந்து "கங்கையில் விடுத்த ஓலை" பாடினார். துறவு பற்றை நீக்கியது, நட்பை நீக்கவில்லை.

இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. களவெட்டியில் இரவிரவாக அயலார் கூடிச் சூடு மிதித்த காலம் போய்விட்டது. அந்த உழைப்பின் வருத்தத்தை அறிந்த பெரியோர் அது திரும்பி வரவேண்டும் என்று விரும்பமாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் முன்பு தேவை நம்மை ஒன்றுகூட்டியது. இனி நாமாகவே விரும்பிக் கூடவேண்டும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையம் ஒலுவிலிலே இருக்கின்றது. பல சமூகத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் இருந்து படிக்கிறார்கள். அவர்கள் இரவல் கொடுக்கும் குறிப்புக் கொப்பிகள், பழைய வக்கடைத் தண்ணீரின் புதிய வடிவமல்லவா?

முடிவாக மன்றத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். மன்றத்தில் ஒரு கொப்பி வைப்போம். இன்னலுற்ற காலத்தில் பிற சமூகத்தார் தமக்குச் செய்த நன்மைகளைப் பெரியோர்கள் சொல்ல, இளைஞர்கள் அதில் எழுதட்டும். சொல்பவர்கள் இருக்கும்போதே எழுதவேண்டும். அடுத்தது, வரும் போகத்தில் புதிர் உண்ணும் நாளன்று, புத்தரிசியில் ஒரு பங்கை வயல் அயலவர் வீட்டுக்குக் கொண்டு செல்வோம். பாத்திரம் திரும்பி வரும், வெறுமையாக வராது.