காற்றும் மோட்டார் வீடும்

பாய்மரக் கப்பலில் செல்வோன் காற்றை வேண்டி நிற்பான். காற்று மிகுந்துவிட்டாலோ பாயைச் சுருக்கிக்கொள்வான். மேனாடுகளின் பெருந்தெருக்களிலே இன்று ஓடுகின்ற ஒருவகைக் கப்பலுக்கு இருபுறமும் பாய் உண்டு. அதைச் சுருக்கத்தான் வழியில்லை. படுக்கையும் அடுக்களையும் குளியலறையும் உள்ளே அமைந்த மோட்டார் வீட்டையே இங்குக் குறிப்பிடுகிறோம். ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, நியூசீலாந்து முதலிய நாடுகளில் ஓய்வுபெற்றோர் பலரும், விடுமுறைக்குப் புறப்படும் குடும்பத்தினரும் இதிலேயே உண்டு உறங்கி ஊர் ஊராகச் செல்கின்றனர். வைக்கோலை உயர ஏற்றிய மாட்டுவண்டி சோளகக் காற்றிலே சாய்ந்தாடுவதைக் கண்ட நேயர்களுக்கு இவ்வண்டியின் இடர் எளிதில் விளங்கும்.

அவ்விடரின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 7 மீற்றர் நீளமுள்ள மோட்டார் வீடொன்றின் பக்கச் சுவர் ஏறத்தாழ 20 சதுர மீற்றர் பரப்புடையது. மணிக்கு 60 கிலோமீற்றர் விரைவில் குறுக்கே வீசும் காற்று, அச்சுவரைச் சுமார் 350 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசையோடு தள்ளும். அதே காற்று 90 கிலோமீற்றராக உயர்ந்தால் விசை 790 கிலோகிராமை எட்டிவிடும். விரைவு ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காவது காற்றின் இயல்பு. ஆயினும் சீராக வீசும் பெருங்காற்றை விட, அடித்து அடித்து ஓய்கின்ற காற்றே கொடியது. காற்றுக்கு எதிராகச் சுக்கானைத் திருப்பிப் பிடித்தபடி ஓட்டுகிறவன், ஒரு பாலத்தின் மறைவிலோ மலைச்சரிவின் மறைவிலோ நுழைந்த கணத்தில், எதிர்த்து நின்ற விசை மறைந்துபோகின்றது. வண்டி காற்று வந்த திசைக்கே பாய்கின்றது. அப்போது பதறிச் சுக்கானை வெட்டித் திருப்புவதே பல விபத்துகளுக்கு வித்தாகும்.

இதற்குப் பரிகாரம் தேடுவோர் பெரும்பாலும் முதலிற் செல்லுமிடம் கருவிகள் விற்கும் கடை. அது முறையன்று. முதலிற் செல்லவேண்டிய இடம் வண்டி நிறுக்கும் தராசு. நீரும் உணவும் துணிமணியும் ஏற்றி, பயணஞ் செய்வோரும் அமர்ந்த நிலையில், முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்தறிதல் வேண்டும். மோட்டார் வீடுகள் பலவற்றில் உடலின் பிற்பகுதி பின்னச்சுக்கு அப்பால் நெடுந்தூரம் நீண்டிருக்கும். அச்சுகளுக்கிடையே 4 மீற்றர் தூரமுள்ள வண்டியில், பின்னச்சுக்கு 2 மீற்றர் அப்பால் 100 கிலோகிராம் எடையுள்ள ஒரு மோட்டார் சைக்கிளைத் தொங்கவிட்டால், பின்னச்சின்மேல் 150 கிலோகிராம் ஏறும். முன்னச்சிலிருந்து 50 கிலோகிராம் குறையும். துலாவின் ஒரு தலை தாழ மறுதலை எழுவதைப் போன்றதே இது. வண்டியைத் திருப்புபவை முன்சில்லுகள். அவற்றின்மேற் பாரம் குறைந்தால் நிலத்திற் பிடிப்புக் குறையும். சிறு காற்றுக்கும் வண்டி அலையும். ஆகவே கனத்த பொருள்களை அச்சுகளுக்கிடையே, தாழ்வான இடத்தில் வைப்பது நன்று. கூரையின்மேற் பெட்டி கட்டுவது பாரத்தையும் உயர்த்தும், பாயையும் பெருப்பிக்கும். ஒரு சதமும் செலவின்றிச் செய்யத்தக்க இத்திருத்தத்தைப் பலர் கடைசியிலேதான் நினைக்கின்றனர்.

அடுத்தது ரயர். நிறுத்தறிந்த பாரத்துக்கு எவ்வளவு காற்றழுத்தம் வேண்டுமென்பதை ரயர் செய்தோரின் அட்டவணை கூறும். அழுத்தம் குறைந்தால் ரயரின் பக்கச் சுவர் நெளிந்து வண்டி ஊசலாடும். ரயர் சூடேறி வெடிக்கவுங் கூடும். மிகுந்தாலோ நிலத்தைத் தொடும் பரப்புக் குறைந்து வண்டி தெருவில் நிலைகொள்ளாது. முன்சில்லுகளின் நேரமைப்பையும் தேய்ந்த அதிர்வு தாங்கிகளையும் சீர்செய்தல் அதன் பின்னர். இவை யாவும் முடிந்தும் வண்டி அலைந்தால், சாய்வைக் குறைக்கும் தடித்த உருக்குத் தண்டையும், பின்னச்சு பக்கவாட்டில் நகராது பிடிக்கும் குறுக்குத் தண்டையும் பூட்டுவது தக்கதே. சுக்கானின் நடுக்கத்தைத் தணிக்கும் கருவியுமுண்டு. ஆனால் சீர்கெட்ட அச்சின் குறையை அது மறைக்குமேயன்றி மாற்றாது.

ஓட்டும்போது விரைவைக் குறைத்தலே தலையாய காப்பு. மணிக்கு 100 கிலோமீற்றரிற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கும். 70 கிலோமீற்றராயின் 19 மீற்றரே. ஓட்டுபவன் காற்றின் தள்ளலை உணர்ந்து சுக்கானைத் திருத்துவதற்குள் கழியும் ஒரு செக்கனில் இவ்வேறுபாடு பெரிதன்றோ! பெரிய லொறியொன்று முந்திச் செல்லும்போதும் அதன் முகக்காற்று முதலில் விலக்கித் தள்ளும். பின்னர் அதன் பக்கத்தே இழுக்கும். இரண்டையும் எதிர்பார்த்திருப்பவன் சுக்கானைச் சிறிதளவே அசைப்பான்.

எவ்வளவு திருத்தினாலும் பயனில்லாத நாள்களும் உண்டு. வையோமிங் மாநிலத்திலே லாரமி நகருக்கு மேற்கே, எல்க் மலையின் அடிவாரமாகச் செல்லும் 80ஆம் இலக்கப் பெருந்தெரு 1970இல் திறக்கப்பட்டது. முந்திய தெரு வடக்கே மெடிசின் போ ஊரின் வழியாகச் சுற்றிச் சென்றது. புதியது தூரத்தைக் குறைத்தது. ஆனால் றொக்கி மலைத்தொடரின் தாழ்ந்த இடைவெளியினூடே குவிந்து வரும் மேல்காற்றின் வாயிலே அது அமைந்துவிட்டது. குளிர்காலத்திற் காற்று மிகுந்தால், பாரம் குறைந்து உயரம் மிகுந்த வண்டிகளுக்கு அத்தெரு அடைக்கப்படும். சரக்கேற்றிய லொறி செல்லும் வேளையிலும் வெறும் லொறி நிற்கவேண்டியதே. ஸ்கொத்லாந்தின் போர்த் ஆற்றுக் கழிமுகத்திலும் 1964இல் திறந்த பாலம் உயர்ந்த வண்டிகளுக்கு அடிக்கடி அடைபட்டது. 2017இற் கட்டிமுடித்த குவீன்ஸ்பெரிப் பாலத்துக்குக் காற்றைத் தடுக்கும் வேலியையும் சேர்த்தே அமைத்தனர்.

லாரமியில் தடை அறிவிப்பைக் கண்டு சலித்துக்கொள்ளும் பயணிகள் உண்டு. அவர்களுட் சிலர் வேறு சிறு தெருக்களால் நுழைந்து, அதே காற்றிலே அகப்பட்டுக்கொள்கின்றனர். இது வியப்புக்குரியது, ஏனெனில் வழியில் தங்குவதற்கு மற்றெந்த வண்டிக்காரனுக்கும் இல்லாத வசதி இவர்களுக்கன்றோ இருக்கின்றது! வெளிக்கூடாரத் துணியைச் சுருட்டி இறுகக் கட்டி, வண்டியின் முகத்தைக் காற்றுவரும் திசைக்குத் திருப்பி நிறுத்திவிட்டால், உள்ளே அடுப்பேற்றித் தேநீர் அருந்திக்கொண்டு, தடை நீங்கும்வரை இருக்கலாம்.