வட்டியை விலக்கினோம், வழியைத் திறந்தோமா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மார்க்க நம்பிக்கையும் பொருளாதார வாழ்வும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் தியாகராய நகரே போதும். 1920களில் குடியிருப்புப் பகுதியாக உருவாகி, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரைப் பெற்ற இவ்வூர், இன்று நாடறிந்த கடைவீதி. 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கிய சாலையில்தான் நகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. தீபாவளி, அட்சய திருதியை, கிறிஸ்துமஸ், ரமளான் என்று சமய நாட்காட்டியைப் பார்த்தே இங்கே சரக்கு இறங்குகிறது.

நம்பிக்கை சந்தையை நடத்துவது போலவே, சந்தையும் நம்பிக்கையை மாற்றுகிறது. அட்சய திருதியை கடந்த சில பத்தாண்டுகளில் மாபெரும் தங்க விற்பனை நாளாக வளர்ந்ததில் விளம்பரத்திற்குப் பெரும் பங்குண்டு. பிறரைச் சுட்டிக்காட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய கடைசிப் பத்து இரவுகளில் நம் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன? பள்ளிவாசலிலா, துணிக்கடையிலா? அவரவர் உள்ளமே விடை சொல்லட்டும்.

வணிகம் மார்க்கத்திற்குப் பகை என்று நான் கூறவில்லை. இந்தத் தமிழ்க் கரையில் இஸ்லாம் வேரூன்றியதே வணிகத்தின் வழியாகத்தான். காயல்பட்டினமும் கீழக்கரையும் பரங்கிப்பேட்டையும் அதற்குச் சாட்சி. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த பெருவணிகர் வள்ளல் சீதக்காதி, உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் உருவாகத் துணை நின்றார். அவருக்குப் பின் அப்பணியைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை வணிகர் அபுல்காசிம் மரக்காயர். கப்பலில் வந்த பொருள் காப்பியமாயிற்று. 'செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி' என்று தமிழகம் இன்றும் சொல்கிறது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். சென்ற ரமளானுக்கு முன், நடைபாதையில் சிறுவர் ஆடை விற்கும் நம் மஹல்லா இளைஞர் ஒருவர் தண்டல் கடன் வாங்கியதை அறிந்தேன். "வட்டி ஹராம் என்று தெரியாதா தம்பி?" என்று கேட்டேன். "தெரியும் பாய். பெருநாள் சரக்குக்கு முதல் வேண்டும். வேறு யார் தருவார்கள்?" என்றார். என்னிடம் விடையில்லை.

அவர் பேசிய தொகை 10,000 ரூபாய். கைக்கு வந்தது 8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். அசல் நாள்தோறும் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003இல் தனிச் சட்டமே இயற்றியது. சட்டமும் தடுக்கிறது, மார்க்கமும் தடுக்கிறது. ஆயினும் தேவை அப்படியே இருக்கிறது.

திருக்குர்ஆன் வட்டியைத் தடுத்ததோடு நின்றுவிடவில்லை. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் அளிக்கச் சொல்கிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரையும் சேர்த்திருக்கிறது. அதன் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைத்துச் சாட்சிகளை ஏற்படுத்துவது பற்றியதுதான். ஒரு வாசலை அடைத்த மார்க்கம் பல வாசல்களைத் திறந்து வைத்தது. நாமோ அடைத்த வாசலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மலேசியாவைப் பாருங்கள். அங்கே கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்கான பணத்தில் வட்டி கலந்துவிடக் கூடாது என்று அஞ்சி, வங்கிக்குப் போகாமல் வீட்டிலும் நிலத்திலும் கால்நடையிலும் சேமித்தார்கள். பயணத்தின்போது அவற்றை விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் வாடினார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஜீஸ் 1959இல் இதற்கொரு திட்டம் முன்வைத்தார். 1963இல் 1,281 பேரின் சேமிப்புடன் தொடங்கிய அமைப்பே இன்றைய தபுங் ஹாஜி. நம் நாட்டிலும் 1961இல் தேவ்பந்தில் தொடங்கிய முஸ்லிம் ஃபண்ட், நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாமல் கடன் வழங்கி வந்துள்ளது.

வங்கிகள் இதைச் செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வட்டியில்லா வங்கிச் சேவையை ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தது. வழக்கமான வங்கிகளிலேயே அதற்குத் தனிப்பிரிவு தொடங்கலாம் என்று தீபக் மொஹந்தி குழு 2015இல் கூறியது. 2017இல் ரிசர்வ் வங்கி அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது.

ஆகவே, இந்த ஜமாஅத் ஒரு சிறிய கடன் நிதியைத் தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அது உணர்ச்சியால் மட்டும் நடக்காது, ஒழுங்கு வேண்டும். 2019இல் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, 'ஹலால்' முதலீடு என்று நம்பிப் பணம் போட்ட பல்லாயிரம் குடும்பங்கள் நிலைகுலைந்தன. எனவே, யாரிடமும் வைப்புத்தொகை பெற வேண்டாம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்துள்ளது. நன்கொடை மட்டும் பெறுவோம். ஜகாத் பணத்தை இதில் கலக்காமல் உரியவர்களுக்கே சேர்ப்போம். முதற்கடன் 10,000 ரூபாயைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு கடனும் எழுத்தில், இரு சாட்சிகளுடன் இருக்கட்டும். தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் இதே மலரில் அச்சாகட்டும்.

கடன் பெறுவோருக்கும் ஒரு சொல். இது இலவசமன்று, அமானிதம். ஒருவர் திருப்பித் தராவிட்டால், வரிசையில் அடுத்து நிற்பவர் மீண்டும் தண்டல்காரரிடம்தான் செல்வார். ஜனாஸா தொழுகைக்கு முன், "மய்யித்துக்குக் கடன் ஏதும் இருந்தால் குடும்பத்தாரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பதை இதே பள்ளிவாசலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த அறிவிப்புக்கு வேலையின்றி வாழ்வதே கடன்பட்டவருக்கு அழகு.

அந்த இளைஞர் அடுத்த ரமளானுக்கும் சரக்கு எடுக்கத்தான் போகிறார். "வேறு யார் தருவார்கள்?" என்று அவர் மறுபடியும் கேட்டால், "நாங்கள் தருகிறோம், தம்பி" என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பொருளீட்டலைத் தூய்மையாக்கி, நம் நம்பிக்கையைச் செயலாக்கித் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.