பூங்காவுக்கு அனுமதி தந்தவர்கள்

பிரைட் எண்டால் இங்க எங்கட சண்டை, வங்கிக்காரரின்ட வண்டி ஊர்வலத்தில் வரலாமா வேண்டாமா எண்டது. தேவையான சண்டைதான். ஆனால் யாங்கோனில் முதல் கேள்வியே வேற: நிக்க இடம் ஆர் தருகினம்?

2014 நவம்பரில் ‘அண்ட் பிரவுட்’ திரைப்பட விழா தொடங்கினபோது அது பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையத்தின் வளவுக்குள் நடந்தது. வெளியில் சட்டம் காத்திருந்தது. வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதின தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பர்மாவில் இன்னும் உயிரோட இருக்கு. வருசக்கணக்கில் சிறை. ஆனால் நாளாந்தம் கடிக்கிறது பொலிஸ் சட்டம். ரங்கூனுக்கெண்டு 1899இல் எழுதினது. பொழுதுபட்ட பிறகு முகத்தை மறைச்சோ வேசம் போட்டோ நிண்டு, அதுக்குக் காரணம் சொல்ல ஏலாட்டில் பிடிக்கலாம். ஒரு திருநங்கையின்ட சீலையே பொலிசுக்கு ‘வேசம்’ ஆகிவிடும்.

அப்படிப்பட்ட நகரத்தில் 2018 ஜனவரியில் விழா தகின் மியா பூங்காவுக்கு வந்தது. (ஆங் சானோட 1947இல் சுட்டுக் கொல்லப்பட்ட அமைச்சர்தான் தகின் மியா.) மதில் இல்லை, ஆயிரக்கணக்கில் சனம். அடுத்த வருசம் யாங்கோன் ஆற்றில் வானவில் கொடி கட்டின படகுகள்.

இனித்தான் கஷ்டமான இடம். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டிருந்தார்கள். பூங்கா கிடைச்சது அதுக்கு ஐந்து மாதத்துக்குள்ள. இதை அரசின் முகப்பூச்சு எண்டு ஒரே வரியில் தள்ள எனக்கு மனம் வரேல்லை. கொழும்பிலும் 2005இலிருந்து பிரைட் நடக்குது, போரின் கடைசி வருசங்களிலும் நடந்தது. அங்க ஆடினவர்கள் குண்டு போட்டவர்கள் இல்லை. ஆனால், அனுமதிக் கடிதம் கையில் இருக்கேக்க பூங்காவுக்குள்ள வர முடியாதவர் ஆர் எண்டு கேக்கத்தான் வேணும்.

2021 பெப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. அனுமதி கேக்க இனி ஆருமில்லை. சில நாளில் வானவில் கொடிகள் யாங்கோன் தெருவில், ஆட்சிக்கவிழ்ப்புக்கு எதிரான ஊர்வலங்களில் நிண்டன. அதே நாட்களில் பர்மிய இளைஞர் பலர் ரோஹிங்கியரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். மே மாதம், தன்னைத் தன்பால் ஈர்ப்பாளர் எண்டு வெளிப்படையாகச் சொல்லும் ஆங் மியோ மின்னை, தேசிய ஐக்கிய அரசு மனித உரிமை அமைச்சராக்கியது. ஜூனில் அதே அரசு, ரோஹிங்கியருக்கு நீதியும் குடியுரிமையும் தருவதாக அறிக்கை விட்டது. அறிக்கைதான்; நாங்கள் கனக்க அறிக்கை பாத்தனாங்கள்.

இந்த வருசம் எங்கட வரிசையோட நடக்கலாமா எண்டு சில பர்மியத் தோழர்கள் கேட்டிருக்கினம். ரோஹிங்கியத் தோழர்களையும் கூப்பிடுவம் எண்டு சொல்லியிருக்கிறன். ஒருத்தர் உடன ஓம் எண்டார், இன்னொருத்தர் யோசிக்க வேணும் எண்டார். பதாகையில் என்ன எழுதிறது எண்டதை அடுத்த கூட்டத்தில் அவையளையும் வைச்சுக் கதைப்பம்.